தையலுக்கு விட்ட கால் இஞ்சு

திருப்பூர்
14.9.2008

உடுமலை மாப்பிள்ளை திருமூர்த்தி அவர்களுக்குத் தமிழ்செல்வன் எழுதுவது.

இங்கே நானும் சித்ராதேவியும் சுகம். அங்கே என் தங்கை சுகமா, பாப்பாவுக்குச் சளி விட்டதா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

உங்கள் புது வீட்டுப் பந்தலில் நின்று, இனி இந்த வீட்டு ஆட்களோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். இன்றைக்கும் பேசவில்லை. எழுதத்தான் செய்கிறேன். எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தவனை, இலையில் உப்பு வைத்த பிறகு, ஒன்றியச் செயலாளர் வந்துவிட்டார் என்று சொல்லி உங்கள் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி தோளைத் தொட்டு எழுப்பினாரே, அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனால் அது தனி வழக்கு.

இது படகு வழக்கு. கோயம்புத்தூர்ப் பொருட்காட்சியில் ரிமோட் படகு ஓடியதைப் பார்த்துவிட்டு, "நாமளும் ஒண்ணு பண்ணலாமுங்க மச்சான், ரிமோட்டும் மோட்டாரும் எம்பொறுப்பு, உடம்பு கட்டுறது உங்க பொறுப்பு" என்று சொன்னவர் நீங்கள். படம் போட்டுக் கொடுத்தவரும் நீங்கள்.

அந்தப் படம் தப்பு. குறுக்குச் சட்டங்களைப் ப்ளைவுட்டில் வெட்டி, அடிக்கட்டை மேல் வரிசையாக நிறுத்தி, மரப்பட்டைகளை வளைத்து வைத்துப் பார்க்கிறேன். படகின் மூக்கில் வந்து சேரவே மாட்டேன் என்கின்றன. இரண்டு பக்கத்துப் பட்டைகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் என் கட்டைவிரல் தாராளமாகப் போகிறது. காற்றாலை இறக்கைக்கு ஃபைபர் ஒட்டுகிறவர் படகுக்குப் படம் போட்டால் இப்படித்தான் இருக்கும். சரியான படம் அனுப்பவும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். ஈஸ்வரமூர்த்திக்கு வேண்டாம்.

தமிழ்செல்வன்


உடுமலைப்பேட்டை
22.9.2008

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்குத் திருமூர்த்தியின் வணக்கங்கள்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சித்ராதேவி அக்காவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது?

படத்தை நான் வைத்திருக்கும் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து தப்பு இல்லீங்க. வெட்டிய சட்டத்தில் ஏதாவது ஒன்றைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்து, கோட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று எழுத முடியுமா? நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விஷயம். மாசி மாதம் பாப்பாவுக்குக் காது குத்திவிடலாம் என்று பிரியங்கா சொல்கிறாள். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துகிற வழக்கம் நம் பக்கம் இல்லை. அவளுக்குக் கூடப்பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் சரி என்றால்தான் நாள் பார்க்க முடியும் என்கிறாள்.

அன்புடன்,
திருமூர்த்தி


திருப்பூர்
1.10.2008

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுகம். அக்காவுக்குக் கால்வலி அப்படியே இருக்கிறது.

சட்டத்தைப் படத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். சுற்றிலும் கால் இஞ்சு வெளியே இருக்கிறது. இருக்காமல் எப்படிப் போகும்? நான்தானே விட்டேன். தையலுக்கு விடாமல் கோட்டின் மேலேயே வெட்டுகிறவனைக் கட்டிங் டேபிள் பக்கம் சேர்ப்பார்களா? இருபத்திரண்டு வருஷமாகப் பனியன் வெட்டுகிறேன். படம் கைக்கு வந்தால் தையலுக்குக் கொஞ்சம், சுருக்கத்துக்குக் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டும் இந்தக் கை. அது தப்பு என்று இதுவரை ஒரு முதலாளியும் சொன்னதில்லை. விட வேண்டாம் என்றால் படத்தில் எழுதியிருக்க வேண்டியது யார்? நீங்கள். எழுதாமல் விட்டுவிட்டு, நான் குறை சொல்லவில்லை என்று ஒரு வரி வேறு.

வீட்டு விஷயம் எதையும் இனிமேல் எழுத வேண்டாம். இலையிலிருந்து எழுப்புவதற்கு ஒரு மாமன், மடியில் உட்கார வைப்பதற்கு ஒரு மாமன் என்று இரண்டு பேரா இருக்கிறார்கள்? படகு விஷயம் மட்டும் எழுதவும்.

தமிழ்செல்வன்


உடுமலைப்பேட்டை
12.10.2008

மச்சான் அவர்களுக்கு வணக்கம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. அங்கேயும் பெய்யும் என்று நினைக்கிறேன். குடை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

நீங்கள் சொன்னபடி படகு விஷயம் மட்டும்.

படத்தில் எழுதாதது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். படகில் தையல் கிடையாது. படத்தில் இருக்கும் கோடு, பட்டை ஒட்டி முடித்த பிறகு படகின் வெளிப்பக்கம் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டுகிற கோடு. பட்டை அரைக்கால் இஞ்சு கனம். அதனால் சட்டத்தைக் கோட்டுக்கு உள்ளே அரைக்கால் இஞ்சு குறைத்து வெட்ட வேண்டும். நீங்கள் வெளியே கால் இஞ்சு விட்டீர்கள். ஆகமொத்தம் காலும் அரைக்காலும் அதிகம். நடுப்பகுதியில் தெரியாது. மூக்குப் பக்கம் சட்டமே சின்னது, அங்கே இந்த அளவு ரொம்பப் பெரிது. அதனால்தான் பட்டை சேரவில்லை.

எதையும் பிரிக்க வேண்டாம். நீளமான தட்டைக் கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, மூன்று சட்டத்துக்கு ஒன்றாகப் படும்படி தேய்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு சட்டமாகத் தேய்த்தால் மேடு பள்ளமாகிவிடும். மூக்குப் பக்கம் வருகிற பட்டைகளின் நுனியையும் கூராகச் சீவ வேண்டும்.

தீபாவளிக்கு முன்கூட்டியே வாழ்த்துகள். இதை வீட்டு விஷயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருமூர்த்தி


திருப்பூர்
20.11.2008

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தீபாவளி வந்தது, போனது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்பெனியில் மூச்சு விட நேரமில்லை, ஒரே ஓவர்டைம். அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

நீங்கள் சொன்னபடி தேய்த்தேன். வீடு முழுக்க மரத்தூள், சோற்றுப்பானையில்கூட. சித்ராதேவி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு சரி. சட்டம் கோட்டுக்குள் வந்துவிட்டது. இடது பக்கத்துப் பட்டை முழுவதையும் நான்கே நாளில் ஒட்டி முடித்துவிட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. மூக்கில் மயிரிழை போகாது.

இன்று காலை எடுத்துத் தரையில் வைத்துப் பார்க்கிறேன், படகு வாழைப்பழம் மாதிரி இடது பக்கம் வளைந்து கிடக்கிறது. அடிக்கட்டையே முறுக்கிக்கொண்டு போய்விட்டது. இதை ஓடவிட்டால் நேராகவா போகும்? செக்கு மாடு மாதிரி சுற்றும். எனக்கு வந்த கோபத்தில் தூக்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவதுதானே எந்த வேலைக்கும் ஒழுங்கு? இதற்கும் நான் தப்பு செய்துவிட்டேன் என்றுதான் எழுதுவீர்கள். எழுதுங்கள், படிக்கிறேன்.

தமிழ்செல்வன்


உடுமலைப்பேட்டை
2.12.2008

மச்சான் அவர்களுக்கு வணக்கம். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

தப்பு என்று எழுத மாட்டேன். முதல் தடவை கட்டுகிற எல்லோருக்கும் இப்படி ஆகும் என்கிறார் எங்கள் சைட்டில் இருக்கும் தச்சர் அழகுமலை. வளைத்து ஒட்டிய பட்டை நிமிரப் பார்க்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அத்தனை பட்டையும் சேர்ந்து அடிக்கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டினால்தான் இரண்டு இழுப்பும் சமமாக நிற்கும்.

இப்போது செய்ய வேண்டியது: அடிக்கட்டையை நேரான தடிப்பலகை மேல் கவிழ்த்துத் திருகு போட்டு இறுக்குங்கள். இடது பக்கப் பட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழற்றிவிடுங்கள். வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டால் பசை இளகிவிடும். அப்படியே வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும். கட்டிங்குக்கு முன்னால் துணியை விரித்து ஆறப் போடுவீர்கள் அல்லவா, மரத்துக்கும் அதே வேலைதான். பிறகு வலது, இடது என்று மாற்றி ஒட்டுங்கள். பகலெல்லாம் பக்கத்தில் இருந்து திருப்பிப் போட வேண்டிய வேலை. கம்பெனிக்குப் போகிறவருக்குச் சிரமம்தான். பொங்கல் லீவில் செய்தால் போதும், அவசரமில்லை.

பட்டை முடிந்ததும் மேலே கண்ணாடி இழைத் துணி போட்டு ரெசின் பூச வேண்டும். ரெசின் நான் அனுப்புகிறேன். துணியும் வேண்டுமானால் அனுப்புகிறேன், எழுதுங்கள்.

பிரியங்கா ஏதோ சொல்லச் சொன்னாள். படகு விஷயம் இல்லை என்பதால் எழுதவில்லை.

திருமூர்த்தி


திருப்பூர்
18.12.2008

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுகம். பொங்கல் வரைக்கும் காத்திருக்க என்னால் முடியாது. இரண்டு வாரத்தில் முடித்துவிட்டேன். சித்ராதேவி சாயங்காலம் வருவதற்குள் கூட்டி அள்ளிவிடுகிறேன், அதனால் வீட்டிலும் சண்டை இல்லை. படகு இப்போது நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. ஒப்புக்கொள்ள மனசில்லை, ஆனாலும் நீங்கள் சொன்ன வழி சரி. இதை ஈஸ்வரமூர்த்தியிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

ரெசின் அனுப்பவும். துணி வேண்டாம். துணிக்குத் திருப்பூர்க்காரன் உடுமலையில் கையேந்தினான் என்ற பேர் எனக்கு எதற்கு?

பிரியங்கா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா? அவளிடம் சொல்லுங்கள். இந்தப் படகு தண்ணீரில் நேராக ஓடட்டும். ஓடினால் அன்றைக்கே வந்து பாப்பாவை மடியில் உட்கார வைத்துக்கொள்கிறேன். கோணலாக ஓடினால் கேட்கக் கூடாது. இதுதான் என் பேச்சு.

தமிழ்செல்வன்


உடுமலைப்பேட்டை
5.1.2009

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பிரியங்கா வாங்கி மூன்று தடவை படித்தாள். மாசி இருபத்திரண்டு, மார்ச் மாதம் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டோம். குலதெய்வக் கோயிலில் வைத்துத்தான். படகு அதற்குள் கட்டாயம் ஓடிவிடும்.

ரெசின் டப்பா பார்சலில் வருகிறது. அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கவும். கண்ணாடி இழைத் துணியை வாங்கிவிட்டீர்களா?

பொங்கல் வாழ்த்துகள். பாப்பா 'மாமா' என்று சொல்லப் பழகிவிட்டாள். காக்கையைப் பார்த்தும் சொல்கிறாள், அதனால் பெருமைப்பட வேண்டாம்.

திருமூர்த்தி


திருப்பூர்
11.2.2009

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உடம்பு சுகம், மனசு சுகமில்லை.

கண்ணாடி இழைத் துணியாம். கையில் எடுத்தால் அரிக்கும், வளைவில் படியாது, விறைத்துக்கொண்டு நிற்கும் என்று கேள்விப்பட்டேன். நம்மிடம் இல்லாத துணியா? நல்ல பருத்திப் பனியன் துணி வீட்டில் கிடந்தது. படகின் வளைவுக்கு அளவெடுத்த பனியன் மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் போட்டேன். ரெசினைத் தடவினேன். குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. டப்பா காலி.

காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டேன். நீங்கள் படத்தில் போட்ட தண்ணீர்க் கோடு எங்கேயோ உள்ளே போய்விட்டது. மோட்டார் வைக்கும் முன்பே கழுத்தளவு முழுகி நிற்கிறது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் துணி அங்கங்கே ஊறிப் பொதபொதவென்று இருக்கிறது. நீங்கள் அனுப்பியது ரெசினா, வெல்லப்பாகா?

இந்த லட்சணத்தில் மார்ச் ஆறாம் தேதிக்குள் எங்கே ஓடுவது? அந்த வாரம் கம்பெனியில் கண்டெய்னர் ஏற்றுகிறார்கள், லீவும் கிடைக்காது. நாளைத் தள்ளி வைக்கவும். இல்லாவிட்டால் வேறு யாரையாவது பங்காளி முறையில் உட்கார வைத்துக் குத்திக்கொள்ளவும்.

தமிழ்செல்வன்


உடுமலைப்பேட்டை
17.2.2009

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

பனியன் துணியா? இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். அனுப்பட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றீர்கள். வாங்கிவிட்டீர்களா என்று கேட்டேன், பதிலே இல்லை. பருத்தி ரெசினைக் குடிக்கும், கனக்கும், நடுவில் ஊறாத இடத்தில் தண்ணீரை உறிஞ்சும். காற்றாலையில் கூலிக்கு வருகிறவர்கள்கூட இதைச் செய்ய மாட்டார்கள்.

உங்களை இலையிலிருந்து எழுப்பியவர் என் அண்ணன். அன்று மாலையே அவரிடம் கேட்டேன். அன்றிலிருந்து அவர் என் வீட்டுப் படி ஏறுவதில்லை. இங்கே அவரும் இல்லை, அங்கே நீங்களும் இல்லை. நடுவில் நான் யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது? இதுவரைக்கும் நான் ஒரு வார்த்தை அதிகமாக எழுதியிருக்கிறேனா?

கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் இத்துடன் பார்சலில் வருகின்றன. பழைய துணியின் மேல் காகிதத்தை வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் ரெசின் இளகும். ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். மிச்சத்தை உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டு, புதுத்துணியை ஒற்றைச் சுற்று போடுங்கள். ரெசின் துணி நனையும் அளவுக்கு மட்டும் போதும்.

நாளைத் தள்ளி வைக்க முடியாது என்று பிரியங்கா சொல்கிறாள். முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க அவளே வருவாள்.

திருமூர்த்தி


உடுமலைப்பேட்டை
9.3.2009

அண்ணாவுக்குப் பிரியங்கா எழுதுவது.

நீங்களும் சித்ராதேவி நங்கையாவும் சுகமா என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். போன புதன்கிழமை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி எங்களோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னவர் வீட்டுக்கு நேராக வந்தால் வாசலில் சண்டை வரும் என்று நினைத்து, வெற்றிலை பாக்குத் தட்டோடு உங்கள் கம்பெனிக்குப் போனேன். பத்துப் பேர் முன்னால் அழைத்தால் மறுக்க மாட்டீர்கள் என்பது என் கணக்கு. கேட்டில் பெரிய பூட்டுத் தொங்குகிறது. பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் அய்யாசாமி என்பவர், "யாரப் பாக்கோணும் கண்ணு?" என்றார்.

"கட்டிங் மாஸ்டர் தமிழ்செல்வனுங்க. எங்கண்ணன்."

"அட, ஆர்டர் இல்லாம தீவாளிக்கு முந்தியே கம்பெனியப் பூட்டிப்போட்டாங்களே கண்ணு. உங்கண்ணன் சொல்லலீங்களா? அவரு ஊட்டுக்காரம்மா நம்ம கம்பெனிலதான் செக்கிங்குக்கு வருது."

அந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை. மூச்சு விட நேரமில்லை, ஓவர்டைம், கண்டெய்னர், லீவு கிடைக்காது. எத்தனை கதை? வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்துகொண்டு, படம் தப்பு என்று என் வீட்டுக்காரர் தலையில் போட்டீர்கள், பந்தி தப்பு என்று எங்கள் குடும்பத்தின் தலையில் போட்டீர்கள், கடைசியில் ரெசின் தலையிலும் போட்டீர்கள். அவரும் பாவம், விளக்கெண்ணெய் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நடந்தே உங்கள் தெருமுனைக்கு வந்தேன். உச்சிவெயில். கதவு திறந்திருந்தது. நீங்கள் தரையில் உட்கார்ந்து படகை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். தாடி வளர்ந்து கிடந்தது. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். கூப்பிடக் கோபம் விடவில்லை. கூப்பிட்டால் அழுதுவிடுவேன் என்றும் தெரிந்தது. திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். தோடு, பட்டுத்துணி, தட்டு வரிசை. அது முடியவில்லை. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அதுதானே? இலையை விட்டு எழுப்பியதைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் யாருக்கும் சந்தேகம் வராது பாருங்கள். உங்களிடம் சீர் கேட்டது யார் அண்ணா? நான் கேட்டேனா? அவர் கேட்டாரா? நாங்கள் கேட்டது மடியைத்தான். அதற்குக் கம்பெனி திறந்திருக்க வேண்டுமா?

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். பெரியவர் ஈஸ்வரமூர்த்தியும் வந்தார். பங்காளி முறையில் ஒரு மாமனை உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். நீங்களும் அதையேதான் எழுதியிருந்தீர்கள். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். காது குத்த வந்த ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

என் மகள் காது குத்தாமலேயே வளரட்டும். பள்ளிக்கூடம் போகட்டும், காலேஜும் போகட்டும். கேட்கிறவர்களிடம் எல்லாம் "அவ மாமன் படகு கட்டிக்கிட்டு இருக்காருங்க, முடியட்டும்னு பாத்துட்டு இருக்கோம்" என்று சொல்கிறேன். உங்களுக்கும் பெருமைதானே.

நங்கையாவுக்கு மட்டும் என் வணக்கம்.

பிரியங்கா


திருப்பூர்
15.3.2009

பிரியங்கா கண்ணுக்கு,

உன் கடிதத்தைச் சித்ராதேவிதான் முதலில் பிரித்துப் படித்தாள். சத்தமாகவே படித்தாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு, மீதியையும் படித்து முடித்தாள்.

தெருமுனை வரைக்கும் வந்த தங்கச்சி, அண்ணனைக் கூப்பிடாமல் திரும்பிப் போனது எந்த ஊர் நியாயம்? ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் அந்த வெயிலில் பஸ் ஏறியிருக்கிறாய். இதற்கு உன்னோடு நேரில் சண்டை போடாமல் எனக்குத் தூக்கம் வராது. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, ரெசினைப் பற்றி எழுதியதை மனசில் வைக்க வேண்டாம் என்று.

வருகிற புதன்கிழமை காலை நானும் உன் நங்கையாவும் வருகிறோம். படகு இங்கேயே காயட்டும். தட்டு, துணி எதுவும் இருக்காது, வெறும் கையோடுதான் வருவேன். உங்கள் ஆட்கள் எல்லோரும் இருந்தாலும் சரி, அப்படியே வந்து உட்காருவேன். ஆசாரியை வரச் சொல்லி வை.

உன் அண்ணன்,
தமிழ்செல்வன்